இரண்டரைக்குப் பூட்டும் கதவு

வகுப்பில் இருந்த நாற்பத்திரண்டு பேரில் கல்யாணம் ஆனவள் அவள் ஒருத்திதான். மற்றவர்களெல்லாம் பள்ளிக்கூடச் சீருடையைக் கழற்றிய கையோடு நர்சிங் சீருடையை மாட்டிக்கொண்டு வந்த சின்னப் பெண்கள். இவளுக்கு இருபத்தொன்பது வயது. வீட்டில் மூன்றரை வயதில் ஒரு மகள். அதனால் முதல் நாளே அவளுக்கு 'அக்கா' என்று பெயர் விழுந்தது. வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அவளுடைய சொந்தப் பெயர் புழங்கவில்லை. பாடம் நடத்தும் மேடம்கூட ஒருமுறை வாய்தவறி, "அக்கா, நீங்க சொல்லுங்க" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மூன்றாம் வருஷம் அக்காவைப் பிரசவ வார்டில் போட்டார்கள். காலை ஏழிலிருந்து மதியம் இரண்டு வரை. லாரி ஓட்டும் வீட்டுக்காரர் வாரத்தில் ஐந்து நாள் சாலையிலேயே குடித்தனம் நடத்துகிறவர். மகளைப் பார்த்துக்கொண்டிருந்த மாமியார், நாத்தனாரின் பிரசவத்துக்குப் போய் மூன்று மாதமாகியும் திரும்பவில்லை. "ஊருக்கெல்லாம் பிரசவம் பார்க்கப் படிக்கிறவளுக்கு, சொந்த நாத்தனாரை எட்டிப் பார்க்க நேரமில்ல" என்று போனில் ஒரு குத்தல் மட்டும் வாரம் தவறாமல் வந்துகொண்டிருந்தது.

ஆக, மகளை விடுவதற்கு இருந்த ஒரே இடம் டீச்சரம்மாவின் காப்பகம். கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில், சைக்கிள் கடையை ஒட்டி இரண்டு அறைகள், பதினைந்து குழந்தைகள். மற்ற காப்பகங்கள் எட்டு மணிக்குத்தான் திறக்கும்; டீச்சரம்மா ஆறு மணிக்கே திறந்துவிடுவார். அதே மாதிரி மதியம் இரண்டரைக்குப் பூட்டியும் விடுவார். கறார் பேர்வழி.

"இரண்டரைன்னா இரண்டரை. இரண்டு முப்பத்தொண்ணு கிடையாது" என்று மகளைச் சேர்த்த அன்றே சொல்லிவிட்டார். பட்டியலில் பெயர் உள்ளவர்களைத் தவிர வேறு யார் வந்து நின்றாலும் குழந்தையைக் கொடுக்க மாட்டார். அக்கா கொடுத்த பட்டியலில் இரண்டே பெயர், அவளும் வீட்டுக்காரரும். மூன்று முறை தாமதமாக வந்தால் இடம் போய்விடும். ஒருமுறை பஸ் நடுவழியில் படுத்துக்கொண்டது. இன்னொரு முறை வகுப்பு இழுத்துவிட்டது. இரண்டு வாய்ப்பும் தீர்ந்தன. இனி ஒரு நாள் பிந்தினால் மகளுக்கு இடமில்லை. மகளை விட இடமில்லையென்றால் இவள் வார்டுக்கு வர முடியாது. ஏற்கெனவே மகளின் காய்ச்சலுக்கும் சளிக்கும் எடுத்த விடுப்பில் வருகை விளிம்பில் நின்றது. இன்னும் மூன்று நாள் போனால் பரீட்சை எழுத விட மாட்டார்கள்.

அதனால் இரண்டு மணி அடிப்பதற்கு ஐந்து நிமிஷம் முன்பே அக்காவின் பை தோளில் இருக்கும். இரண்டே காலுக்குள் பஸ்ஸைப் பிடித்துவிட்டால், நிறுத்தத்தில் இறங்கி ஓடி, இரண்டு இருபத்தேழுக்குக் கதவில் நின்றுவிடலாம். மூன்று வாரமாக அப்படித்தான் ஓடினாள். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் மாதிரி அவள் ஓடுவதைப் பார்த்து, பஸ் கண்டக்டர் படிக்கட்டிலேயே அவளுக்கு இடம் விட்டு நிற்கப் பழகிவிட்டார்.

அன்று காலை ஏழு மணிக்கு அக்கா வார்டுக்குள் நுழைந்தபோது, ஒரு சின்னப் பெண் வலியில் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். பேக்கரியில் வேலை செய்கிறவள். தலைப்பிரசவம். முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து வலி. போதாதென்று மருந்து டிரிப் வேறு ஓடிக்கொண்டிருந்தது. அவளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அக்காவிடம் கொடுத்தார்கள். ஐந்தரை மணி நேரம் அக்கா பக்கத்தைவிட்டு நகரவில்லை. இடுப்பைத் தேய்த்துவிட்டாள், தண்ணீர் கொடுத்தாள், மூச்சை எப்படி விடுவது என்று கூடவே மூச்சு விட்டுக் காட்டினாள்.

"இனிமே முடியாதுக்கா. என்னை விட்டுடுங்க, நான் வீட்டுக்குப் போறேன்" என்றாள் அந்தப் பெண் ஒரு கட்டத்தில்.

"போகலாம். ஆனா வயித்துல இருக்கிற ஆளை இறக்கிவிட்டுட்டுப் போகலாம்" என்றாள் அக்கா. அழுகைக்கு நடுவிலும் அந்தப் பெண் சிரித்துவிட்டாள்.

பன்னிரண்டரைக்கு ஆண் குழந்தை பிறந்தது. நாலு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. தராசில் வைத்துப் பார்த்த காலை ஷிஃப்ட் சிஸ்டர், "பேக்கரிக் கேக்கெல்லாம் எங்க போச்சுன்னு இப்பத் தெரியுது" என்றார். நஞ்சுக்கொடி முழுசாக வந்தது. கருப்பை கெட்டியாகச் சுருங்கியது. பெண்ணைப் பக்கத்து அறைக்கு மாற்றி, கால் மணிக்கு ஒருமுறை நாடி, ரத்த அழுத்தம், கருப்பையின் இறுக்கம், உதிரப்போக்கு நாலையும் பார்த்து அட்டையில் எழுதச் சொன்னார்கள். ஒன்றேகால் வரை அக்காதான் எழுதினாள். பிறகு அவளை வேறு கட்டிலுக்கு அனுப்பிவிட்டு, "இதை நான் பார்த்துக்கிறேன்" என்று காலை சிஸ்டர் அட்டையை வாங்கிக்கொண்டார்.

ஒன்று ஐம்பத்துநாலுக்கு அக்கா பையைத் தோளில் மாட்டினாள். போகிற வழியில் பேக்கரிப் பெண்ணிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாமென்று அறைக்குள் தலையை நீட்டினாள்.

"என்னம்மா, தூக்கமா? நான் கிளம்புறேன். நாளைக்கு வந்து உன் பிள்ளையைத் தூக்குறேன்."

"சரிக்கா." அந்தப் பெண் வாயைப் பெரிதாகத் திறந்து கொட்டாவி விட்டாள். "ஏசியைக் கொஞ்சம் குறைக்கச் சொல்றீங்களா? ரொம்பக் குளிருது."

அந்த அறையில் ஏசியே கிடையாது. ஒரு மின்விசிறி மட்டும் வேண்டாவெறுப்பாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

அக்கா உள்ளே வந்தாள். பெண்ணின் உதடு வெளுத்திருந்தது. மணிக்கட்டைப் பிடித்தாள், தோல் சில்லென்று ஈரமாக இருந்தது. விரலுக்கடியில் நாடி ஓடிக்கொண்டிருந்தது. எண்ணிப் பார்த்தாள். நூற்று இருபத்தாறு. கட்டில் முனையில் தொங்கிய அட்டையை எடுத்தாள். 'இரண்டு மணி: நாடி எண்பத்துநாலு, கருப்பை கெட்டி, உதிரப்போக்கு சாதாரணம்.' சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு மணிக்கு இன்னும் நாலு நிமிஷம் இருந்தது.

அட்டையைக் கட்டிலில் போட்டாள்.

போர்வையை விலக்கினாள். மேலாகப் பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒருபக்கமாகத் திருப்பி முதுகுக்கடியில் கைவிட்டபோதுதான் தெரிந்தது. ரப்பர் விரிப்பின் பள்ளத்தில் இடுப்புவரை ரத்தம் தேங்கியிருந்தது. வயிற்றில் கையை வைத்தாள். தொப்புளுக்குக் கீழே பந்து போல் இறுகியிருக்க வேண்டிய கருப்பை, தொப்புளுக்கு மேலே ஏறி, வலதுபக்கம் ஒதுங்கி, தொளதொளவென்று கிடந்தது.

பை தோளிலிருந்து எப்போது விழுந்தது என்று அவளுக்குத் தெரியாது. அவசர மணியை ஓங்கி அடித்தாள். ஒரு கையால் அடிவயிற்றைத் தாங்கி, மறு கையால் கருப்பையை அழுத்தித் தேய்க்க ஆரம்பித்தாள். கட்டி கட்டியாக ரத்தம் வெளியே வந்து விழுந்தது.

"அக்கா, வலிக்குது... என்ன ஆச்சு?"

"உள்ள கொஞ்சம் ரத்தம் தங்கிடுச்சும்மா. எடுத்துட்டிருக்கேன். கண்ணை மூடாதே. என் மூஞ்சியையே பாரு. உன் பிள்ளைக்கு என்ன பேரு வைக்கப்போறே, சொல்லு."

முதலில் ஓடிவந்தவள் மின்னல். அக்காவின் வகுப்புத் தோழி. எதற்கும் அசைந்து அசைந்து வருகிறவள் என்பதால் அந்தப் பெயர். அன்று உண்மையாகவே மின்னலாக வந்தாள். ரத்தத்தைப் பார்த்ததும் கை கால் ஓடாமல் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"நிக்காதே! ஷிஃப்ட் மாத்துற ரூமுக்குப் போ. கருப்பை தளர்ந்து ரத்தம் போகுதுன்னு சொல்லு. டாக்டரைக் கூப்பிடச் சொல்லு. இதே வார்த்தையைச் சொல்லு."

மின்னல் பறந்தாள். மதிய ஷிஃப்ட் சிஸ்டர் வேகமாக வந்தார். ஆனால் முகத்தில் நம்பிக்கையில்லை. "இப்பத்தானே இந்தக் கட்டில் நார்மல்னு சொல்லிக் கொடுத்துட்டுப் போனாங்க?"

"கையை வெச்சுப் பாருங்க சிஸ்டர்."

மூன்றாம் வருஷ மாணவி ஒரு சிஸ்டரிடம் அப்படிப் பேச மாட்டாள். சிஸ்டர் ஒரு கணம் அவளை முறைத்தார். பிறகு கையை வைத்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

அதற்குப் பின் அவர் ஒரு வார்த்தை வீணாக்கவில்லை. இரண்டாவது டிரிப், சுருங்க வைக்கும் ஊசி, ஆக்சிஜன். "மூத்திரப்பை நிரம்பியிருக்கு. அதுதான் மேல தள்ளுது" என்று ட்யூப் போட்டார், மூத்திரம் பை நிறைய வந்தது. அறுவை அரங்கில் இருந்த டாக்டருக்கு ஆள் ஓடியது. ரத்த வங்கிக்கு இன்னொருவர் ஓடினார்.

"நீ கையை எடுக்காதே" என்றார் அக்காவிடம். "இப்பத்தான் இறுக ஆரம்பிச்சிருக்கு. விட்டா மறுபடி தளர்ந்திடும்."

கீழே கிடந்த பைக்குள் போன் அதிர ஆரம்பித்தது.

யாரென்று பார்க்கத் தேவையில்லை. கடிகாரத்தில் இரண்டு முப்பத்திரண்டு. போன் நின்றது. மறுபடி அதிர்ந்தது. அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு தேய்த்தாள். வார்டில் போன் பேசினால் அன்றைய வருகையையே அடித்துவிடுவார்கள். மூன்றாம் முறை அதிர்ந்தபோது சிஸ்டர் டிரிப்பிலிருந்து கண்ணை எடுக்காமல், "எடுத்துத் தொலை. அவ காதுல வெச்சு விடு" என்றார். திரும்பி வந்திருந்த மின்னல் போனை அக்காவின் காதில் பொருத்தினாள்.

"எங்க இருக்கீங்க?" என்றது டீச்சரம்மாவின் குரல்.

"டீச்சரம்மா, ஒரு பொண்ணுக்கு ரத்தம் போயிட்டிருக்கு. நான் கையை எடுக்க முடியாது. அரை மணி நேரம்... என் ஃப்ரெண்டு ஒருத்தியை அனுப்புறேன், அவகிட்ட..."

"பட்டியல்ல இல்லாத ஆளுக்குக் கொடுக்க மாட்டேன்."

"அவர் ரோட்ல இருக்கார். வர ஆறு மணி நேரம் ஆகும். நான் வேற யார்கிட்டப் போவேன்?"

மறுமுனையில் மகளின் சத்தம் கேட்டது. ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். "என் வீட்லயும் ஒரு ஆளு பசியோட காத்துட்டிருக்கு" என்றார் டீச்சரம்மா. "நான் பூட்டுறேன்." இணைப்பு அறுந்தது.

பூட்டுகிறேன் என்றால் குழந்தையை என்ன செய்வார்? அந்தக் கேள்வி அக்காவின் மண்டைக்குள் சுற்றியது. கை தன்பாட்டில் வேலை செய்தது. பேக்கரிப் பெண்ணின் இமைகள் சொருகின. "ஏய், பாரு இங்க! பேரு சொல்லலையே இன்னும்!" என்று அக்கா கத்தினாள். அந்தப் பெண்ணைக் கூப்பிட்டாளா, மகளை நினைத்துக் கத்தினாளா என்று அவளுக்கே விளங்கவில்லை.

டாக்டர் வந்தார். உள்ளே பார்த்தார், இன்னோர் ஊசி போடச் சொன்னார், ரத்தம் ஏற்ற ஆரம்பித்தார்கள். மூன்று மணி ஐந்துக்கு அக்காவின் உள்ளங்கையின் கீழ் கருப்பை மெதுவாக இறுகி, உருண்டு, பந்தாக நின்றது. டாக்டர் தொட்டுப் பார்த்தார். பத்து நிமிஷம் காத்திருந்து மறுபடி தொட்டார். "சரி, இப்ப கையை எடு" என்றார். எடுத்தபோது விரல்கள் மடங்கவில்லை. மின்னல்தான் குழாயைத் திறந்து, குழந்தைக்குக் கழுவுவது போல் அவள் கையைக் கழுவிவிட்டாள்.

"அட்டையில யார் இரண்டு மணின்னு எழுதினது?" என்று மதிய சிஸ்டர் கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா அதற்குள் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டாள்.

பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. ஆட்டோவில் ஏறினாள். வழி நெடுக டீச்சரம்மாவுக்குப் போன் போட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. வீட்டுக்காரருக்குப் போட்டாள்.

"பாப்பா எங்க இருக்கான்னு தெரியலைங்க."

"என்ன சொல்றே? தெரியலைன்னா?" பின்னால் லாரி இன்ஜின் உறுமியது. "நீ எங்க இருந்தே இவ்வளவு நேரம்?"

"வார்டுல."

இன்ஜின் சத்தம் மட்டும் கேட்டது. படிப்பை விட்டுவிடு என்று அவர் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சேரும்போதும் சரி என்று தலையாட்டியவர்தான். ஆனால் அந்த மௌனத்தில் அந்த வார்த்தை முழுசாக உட்கார்ந்திருந்தது. "கண்டுபிடிச்சுட்டுக் கூப்பிடு. நான் வண்டியை ஓரங்கட்டி நிக்கிறேன்" என்றார்.

காப்பகத்தில் பூட்டு தொங்கியது. அக்கா கதவைத் தட்டினாள், ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். பாய்கள் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன. உள்ளே யாருமில்லை. சைக்கிள் கடைக்காரர் ஒரு சக்கரத்தைச் சுழற்றிவிட்டு வளைவு பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, டீச்சரம்மா எங்க? என் பொண்ணு எங்க?"

"அவங்க போய் ஒரு மணி நேரம் இருக்குமேம்மா."

"கூடக் குழந்தை இருந்துச்சா?"

அவர் யோசித்தார். "இருந்த மாதிரிதான் இருந்துச்சு. இல்ல, அது அவங்க கட்டைப்பையோ என்னவோ. நான் குனிஞ்சு வேலை பார்த்துட்டு இருந்தேனா, சரியா கவனிக்கல."

அக்கா சந்தின் இரண்டு பக்கமும் பார்த்தாள். சந்தின் முனையில் பெரிய சாலை. லாரிகளும் பஸ்களும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு போயின. மூன்றரை வயதுக் குழந்தை, கதவுக்கு வெளியே விட்டால் எந்தப் பக்கம் நடக்கும்? வீட்டுக்காரரின் லாரி போகும் பக்கம் நடக்கும். லாரியைக் கண்டால் அவளுக்கு எல்லாம் அப்பா வண்டி.

"டீச்சரம்மா வீடு தெரியுமாண்ணே?"

"தண்ணித் தொட்டிக்குப் பின்னால மஞ்சள் கட்டடம். மாடில ரெண்டாவது கதவு."

அந்தத் தூரத்தை அவள் எப்படிக் கடந்தாள் என்பது ஞாபகமில்லை. மாடிப்படியில் ஒருமுறை முழங்காலில் விழுந்தாள். இரண்டாவது கதவு திறந்துதான் இருந்தது.

உள்ளே ஒரு கட்டிலில் வயதான மனிதர் ஒருவர் தலையணைகளில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தார். வாயின் ஒரு பக்கம் இறங்கியிருந்தது; ஒரு கை மடியில் அசைவில்லாமல் கிடந்தது. டீச்சரம்மா அவருக்குக் கரண்டியால் சாப்பாடு ஊட்டிக்கொண்டிருந்தார். கட்டிலின் கால்மாட்டில் மகள் உட்கார்ந்து, ஒவ்வொரு வாய்க்கும், "ஆ காட்டு தாத்தா, பெரிய ஆ" என்று உத்தரவு போட்டுக்கொண்டிருந்தாள்.

அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மகளைத் தூக்கி இறுக்கிக்கொண்டாள். "அம்மா, நசுக்காதே" என்று அது நெளிந்தது. முதல் வேலையாக வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, "கிடைச்சுட்டா" என்று ஒரே வார்த்தை சொன்னாள். மறுமுனையில் அவர் மூச்சை விடுவது கேட்டது.

"பச்சக் குழந்தையைத் தெருவுல விட்டுட்டா வருவேன்னு நினைச்சீங்க?" என்றார் டீச்சரம்மா, திரும்பிப் பார்க்காமலே. "போன் பைக்குள்ள இருக்கு. இவருக்கு ஊட்டும்போது எடுக்க மாட்டேன். புரையேறிடும்."

"தப்புதான் டீச்சரம்மா."

"அந்தப் பொண்ணு?"

"பிழைச்சுட்டா."

டீச்சரம்மா தலையாட்டினார். கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தார். "நல்லது. ஆனா நாளைக்குப் பாப்பாவைக் கூட்டிட்டு வராதீங்க. நீங்க பொய் சொல்றீங்கன்னு நான் சொல்லல. உங்களுக்கு ஒவ்வொரு தடவையும் நியாயமான காரணம்தான் இருக்கும், ஏன்னா நீங்க பார்க்கிற வேலை அப்படி. எனக்கும் ஒரே காரணம் இருக்கு, பாருங்க, படுத்துட்டு இருக்காரு. பக்கவாதம் வந்து ரெண்டு வருஷமாச்சு. இரண்டே முக்காலுக்கு நான் வரலைன்னா பசி, ஈரம், எல்லாத்தோடயும் கிடப்பார். கூப்பிடக்கூட வாய் வராது."

கெஞ்சலாமென்றுதான் அக்கா வந்திருந்தாள். இந்த அம்மாவிடம் எதைக் கேட்பது? மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பினாள். வாசலைத் தாண்டும்போது அவள் மூக்கில் ஒரு வாடை தட்டியது. மூன்று வருஷமாக வார்டு வார்டாகச் சுற்றியவளுக்கு அது என்ன வாடை என்று தெரியும். நின்றாள்.

"டீச்சரம்மா, அய்யாவோட முதுகுல, இல்லன்னா இடுப்புக்குக் கீழ, புண்ணு ஏதாவது இருக்கா?"

டீச்சரம்மாவின் முகம் சிவந்தது. "ஏன், நாங்க சுத்தமா வெச்சுக்கலைன்னு சொல்ல வர்றீங்களா? உங்க படிப்பைக் காட்டுறதுக்கு என் வீட்டுக்காரர்தான் கிடைச்சாரா?"

"இல்லம்மா. நான் அப்படிச் சொல்லல. மன்னிச்சுடுங்க."

படியில் நாலு அடி இறங்கியிருப்பாள். "இங்க வாங்க" என்று மேலேயிருந்து குரல் வந்தது. டீச்சரம்மா வாசலில் நின்றிருந்தார். கறாரெல்லாம் எங்கோ போயிருந்தது. "ஒரு மாசமா இருக்கு. பவுடர் போடுறேன், ஆற மாட்டேங்குது. ஒத்தை ஆளா என்னால அவரைத் திருப்ப முடியல. அவர் ராத்திரியெல்லாம் முனகுறாரு."

இருவருமாக அவரைத் திருப்பினார்கள். இடுப்பெலும்புக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உரிந்து, நடுவில் குழி விழுந்திருந்தது. அக்கா வெதுவெதுப்பான தண்ணீர் கேட்டாள். மகளை ஒரு மூலையில் உட்காரவைத்துவிட்டு, மெதுவாகக் கழுவித் துடைத்து, பவுடரையெல்லாம் எடுத்தாள். "பவுடர் போடவே கூடாது டீச்சரம்மா. நாளைக்கே ஒரு டாக்டர் பார்க்கணும், இது மேலாப்புல ஆறுற புண்ணு இல்ல. இரண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை இவரைத் திருப்பிப் படுக்க வைக்கணும். ஒத்தை ஆளாத் திருப்புறதுக்கு ஒரு வழி இருக்கு, போர்வையை இப்படி மடிச்சு அடியில போட்டு இழுங்க." இழுத்துக் காட்டினாள். டீச்சரம்மா தானே ஒருமுறை செய்து பார்த்தார். பெரியவரின் உடம்பு ஒருபக்கமாகத் திரும்பியது. அவர் தொண்டையிலிருந்து நிம்மதியாக ஒரு சத்தம் வந்தது.

டீச்சரம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெரியவரின் போர்வையை இழுத்து மூடிவிட்டார்.

"நான் பூட்டுற நேரத்தை மாத்த மாட்டேன்" என்றார் கடைசியில். "உங்களுக்கு மாத்தினா பதினஞ்சு பேருக்கும் மாத்தணும். ஆனா நீங்க வரலைன்னா பாப்பாவை இங்க கூட்டிட்டு வந்துடுறேன். நீங்க இங்க வந்து கூட்டிட்டுப் போங்க. ஞாயித்துக்கிழமை மட்டும் வந்து இவரைப் பார்த்துட்டுப் போங்க. வர முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க. ஆசை காட்டி ஏமாத்தாதீங்க."

"வர்றேன்" என்றாள் அக்கா.

மறுநாள் மேட்ரன் அக்காவை அறைக்குக் கூப்பிட்டு அந்த அட்டையைப் பற்றிக் கேட்டார். காலை சிஸ்டர் அங்கேதான் நின்றிருந்தார். அவர் கையெழுத்து விழாமல் அக்காவின் பயிற்சிக் கணக்கு முடியாது. "நான் பார்த்தபோது மணி ஒண்ணு ஐம்பத்தாறு. இரண்டு மணிக்கான குறிப்பு அப்பவே எழுதியிருந்தது" என்றாள் அக்கா. காலை சிஸ்டரை வேறு வார்டுக்கு மாற்றினார்கள். போகும்போது அவர் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. அக்காவுக்கு அதில் சந்தோஷம் ஒன்றும் இல்லை. ஒரே ஆள் ஏழு கட்டிலைப் பார்த்தால் என்ன ஆகும் என்று அவளுக்கும் தெரியும். கையெழுத்தை மேட்ரனே போட்டுக்கொடுத்தார். போன் பேசியதற்காக அன்றைய அரைநாள் வருகையை மட்டும் அடித்துவிட்டார்கள். சட்டம் சட்டம்தான் என்றார் மேடம்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் ஊரில் இருந்தார். "எங்க கிளம்பிட்டே, லீவு நாள்ல?" என்று கேட்டவர், விஷயத்தைக் கேட்டதும் தானும் செருப்பை மாட்டிக்கொண்டார். மஞ்சள் கட்டடத்து மாடியில், மகள் உத்தரவு போட, அந்தப் பெரியவரைத் தன் அகலமான கைகளில் பூப்போலத் தூக்கி ஒருபக்கமாகப் பிடித்துக்கொண்டார். டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்தை வைத்து அக்கா கட்டுப் போட்டாள். புண்ணைப் பார்த்த வீட்டுக்காரரின் முகம் ஒருகணம் சுருங்கியது. ஆனால் அவள் கையைத்தான் அவர் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதெல்லாம் எப்பக் கத்துக்கிட்டே?" என்றார்.

"நீங்க ரோட்ல இருந்தப்ப" என்றாள் அக்கா. "கொஞ்சம் இந்தப் பக்கம் சாய்ச்சுப் பிடிங்க."

அவர் சாய்த்துப் பிடித்தார்.